வந்தவன் மீது பழி! வளர்த்தவன் யார்?



ஊரில் காய்ச்சல் பரவிவிட்டால் நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'இது எதனால் பரவுகிறது?' என்பதல்ல. 'இதை யார் கொண்டு வந்தது?' என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் பதிலும் தயாராக இருக்கிறது. சபுரிலிருந்து வந்தவன் கொண்டு வந்தான். கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக்காரன் கொண்டு வந்தான். அந்தத் தெருக்காரர்கள் சுத்தம் இல்லாதவர்கள், அங்கிருந்து கிளம்பியது. இப்படி ஆளுக்கொரு விரல் நீட்டுகிறார்கள். எல்லா விரலும் அடுத்தவனை நோக்கித்தான் நீள்கிறது. தன் வீட்டு மாடியில் மூடி இல்லாமல் கிடக்கும் தண்ணீர் டிரம்மை நோக்கி ஒரு விரல்கூட நீள்வதில்லை!

டெங்குவும் சிக்குன்குனியாவும் தொட்டால் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் வருவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வருவதில்லை. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஒரு கொசு, சில நாள் கழித்து இன்னொருவரைக் கடித்தால்தான் வரும். அப்படியானால் நோயாளி எங்கிருந்து வந்தான் என்பது பாதிக் கேள்விதான். அவனைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்பதே மீதிக் கேள்வி. அந்த மீதிக் கேள்வியைக் கேட்க ஏன் தயங்குகிறோம்? பதில் நம் வீட்டு வாசலில் கிடக்கிறது என்பதாலா?

வைரஸ் வெளியூரிலிருந்து வரலாம். கொசு உள்ளூர்க் கொசு! அதை வளர்த்தவர்கள் நாம். இதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

கொசுவின் வயிற்றுக்குள் நடப்பது என்ன?

எல்லாக் கொசுவும் எல்லா நோயையும் பரப்பிவிடாது. எய்ட்ஸ் நோயாளியைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் எய்ட்ஸ் வருமா என்று பயந்தவர்கள் ஒரு காலத்தில் உண்டு. வராது. அந்த வைரஸ் கொசுவின் வயிற்றிலேயே செரிமானமாகி அழிந்துவிடும். கொசுவின் உடம்பில் அதனால் பெருக முடியாது.

டெங்கு வைரஸின் கதை வேறு. நோயாளியின் இரத்தத்தோடு அது கொசுவின் குடலுக்குள் போகிறது. குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருகுகிறது. இது முதல் வாசல். பிறகு குடலைத் தாண்டி உடம்பு முழுவதும் பரவுகிறது. இது இரண்டாவது வாசல். கடைசியாக எச்சில் சுரப்பிக்குள் புகுந்து எச்சிலில் கலக்கிறது. இது மூன்றாவது வாசல். மூன்றையும் கடந்தால்தான் அந்தக் கொசு நோயைப் பரப்ப முடியும். ஒரு வாசல் அடைபட்டாலும் வைரஸ் அங்கேயே முடிந்தது.

நல்ல வெப்பமுள்ள இடத்தில் டெங்கு வைரஸ் இந்தப் பயணத்தை முடிக்க 8 முதல் 12 நாள் ஆகும். வெப்பம் குறைந்தால் இன்னும் தாமதமாகும். அதற்குள் கொசு செத்துவிட்டால் நமக்குத் தப்பு. செத்துவிடாவிட்டால், அது உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் கடிக்கும் இடமெல்லாம் நோயை விதைத்துக்கொண்டே போகும்.

ஓர் ஊரின் கொசுவுக்கு இந்தத் திறமை எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கிறார்கள். அந்த ஊரின் கொசு முட்டைகளைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். வளர்ந்த பெண் கொசுக்களுக்கு வைரஸ் கலந்த இரத்தத்தை ஊட்டுகிறார்கள். சில நாள் கழித்து அவற்றின் ஊசி வாயை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து எச்சிலை எடுக்கிறார்கள். எச்சிலில் உயிருள்ள வைரஸ் இருக்கிறதா, எத்தனை கொசுவில் இருக்கிறது, எத்தனையாவது நாளில் வந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரே இனக் கொசுவானாலும் ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறுகிறது. வைரஸின் வகை மாறினாலும் மாறுகிறது.

எனவே 'நம்ம ஊர்க் கொசுவுக்கு அந்த அளவுக்கு வலு இல்லை' என்று யாராவது சொன்னால், 'அளந்து பார்த்தீர்களா?' என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு தீவு பட்ட பாடு

அளந்து பார்க்காமல் அலட்சியமாக இருந்தவர்கள் பட்ட பாட்டுக்கு ஓர் உதாரணம் இந்துமாக் கடலில் இருக்கிறது. ரீயூனியன் தீவு. பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது. தமிழர் வம்சாவளியினர் கணிசமாக வாழும் தீவு.

சிக்குன்குனியா வைரஸ் 1952-53-ஆம் ஆண்டுகளில் தான்சானியா நாட்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. மூட்டு வலியால் மனிதனை வளைத்துப் போடுவதால் அங்குள்ள மக்களின் மொழியில் அந்தப் பெயர் வந்தது. 2004-ல் கென்யாவின் கடற்கரையில் கிளம்பிய காய்ச்சல், கொமோரோஸ் தீவுகளைத் தாண்டி 2005-ல் ரீயூனியனுக்கு வந்தது.

அப்போது நிபுணர்கள் நினைத்தது என்ன? இந்த வைரஸைப் பரப்புவதில் முதல்தரக் கொசு ஏடிஸ் எஜிப்தி. அது ரீயூனியனில் மிகக் குறைவு. அங்கு நிறைந்திருப்பது ஏடிஸ் அல்போபிக்டஸ். உடம்பில் வெள்ளைக் கோடுகள் உள்ளதால் புலிக் கொசு என்பார்கள். இது இரண்டாம்தரக் கொசு, பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் இருந்தது.

என்ன ஆனது? சுமார் 2,66,000 பேருக்கு நோய்! தீவின் மக்கள் தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. மூன்றில் ஒருவர் படுத்துவிட்டார். 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

காரணத்தைத் தேடிப் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் வைரஸைப் பிரித்துப் படித்தார்கள். வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தில், 226-ஆவது இடத்தில், அலனின் என்ற அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்ற அமிலம் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் மாற்றம்! ஒரு பெரிய புத்தகத்தில் ஓர் எழுத்து மாறியது போல. தொற்றின் தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளில் அந்த மாற்றம் இல்லை. பிறகு எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது. இந்த மாற்றத்தால் புலிக் கொசுவின் குடல் வாசல் வைரஸுக்கு விரியத் திறந்துவிட்டது என்பதை 2007-ல் அமெரிக்க ஆய்வாளர்களும் சோதனையில் நிரூபித்தார்கள்.

சிந்தியுங்கள்! இரண்டாம்தரம் என்று ஒதுக்கப்பட்ட கொசு ஓராண்டுக்குள் முதல்தரமாகிவிட்டது. கொசு மாறவில்லை. வைரஸ் அந்த ஊர்க் கொசுவுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஏன் முடிந்தது? அந்தக் கொசு அங்கே கோடிக்கணக்கில் இருந்ததால்! வந்த விருந்தாளிக்கு வாகனம் தயாராக நின்றது. விருந்தாளி ஓட்டக் கற்றுக்கொண்டான்.

இத்தாலியில் யாரைத் திட்டினார்கள்?

இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். இத்தாலியின் வடகிழக்கில் காஸ்திலியோனே தி செர்வியா என்று ஒரு சிறிய கிராமம். 2007 கோடையில் அங்கே ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். மூட்டுகள் வீங்கின. நடக்க முடியவில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? ஆற்று நீரைக் குறை சொன்னார்கள். அரசாங்கத்தைத் திட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் மீது பாய்ந்தார்கள். 'இவர்கள்தான் கொள்ளைநோயைக் கொண்டு வந்தார்கள்' என்றார்கள். அன்றைய பத்திரிகைச் செய்திகளே இதைச் சொல்கின்றன.

விசாரணையில் தெரிந்தது என்ன? ஆப்பிரிக்கர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! 2007 ஜூன் மாதம் கேரளத்திலிருந்து உறவினரைப் பார்க்க ஒருவர் வந்தார். வந்த இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அவரை உள்ளூர்ப் புலிக் கொசு கடித்தது. அந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும் செப்டம்பருக்குள் 205 பேருக்கு நோய் வந்தது. முதியவர் ஒருவர் இறந்தார். ரீயூனியனில் கண்ட அதே 226-ஆவது இட மாற்றம் இந்த வைரஸிலும் இருந்தது.

'பார்த்தீர்களா, ஆப்பிரிக்கன் இல்லாவிட்டால் இந்தியன்! வெளிநாட்டான்தானே கொண்டு வந்தான்?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். அவரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். அந்தக் கொசு இத்தாலிக்கு எப்படி வந்தது?

புலிக் கொசு ஐரோப்பாவின் கொசுவே அல்ல. 1890-களில் கொல்கத்தாவில் பிடித்த கொசுக்களை வைத்துத்தான் அறிவியல் அதற்குப் பெயர் சூட்டியது. ஆசியக் காடுகளில் மரப் பொந்துகளின் தண்ணீரில் பிறந்துகொண்டிருந்த அது, கடல் கடந்தது வியாபாரத்தால்! பழைய டயர் வியாபாரத்தால்! டயருக்குள் தேங்கிய மழைநீரில் அது முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. டயரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். எங்கோ ஒரு துறைமுகத்தில் டயர் இறங்கி, அதில் மழை விழுந்தால், முட்டை பொரிந்துவிடும். 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் இந்தக் கொசு பெருகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1990-ல் இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரில் கண்டார்கள். இரண்டுக்கும் காரணம் இறக்குமதியான பழைய டயர்கள்தான் என்று கண்டறிந்தார்கள்.

ஆக, கேரளத்து மனிதர் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலி தன் கொசுவை இறக்குமதி செய்துவிட்டது! விலை கொடுத்து, கணக்கில் எழுதி, சுங்கம் கட்டி இறக்கியது. அதன் பிறகு 17 ஆண்டுகள் பூந்தொட்டியிலும் தோட்டத்து வாளியிலும் தண்ணீர் வைத்து வளர்த்தது. அந்த 17 ஆண்டுகளை யாரும் பேசவில்லை. வந்த இரண்டு நாளில் காய்ச்சல் கண்ட ஒரு மனிதனைப் பற்றி உலகமே பேசியது. இது நியாயமா?

பிறகாவது நிலைமை அடங்கியதா? 2017-ல் ரோம் நகரிலும் அன்சியோ என்ற கடற்கரை ஊரிலும் மீண்டும் சிக்குன்குனியா பரவியது. இந்த முறை வைரஸில் அந்த 226-ஆவது இட மாற்றம் இல்லை. அப்படியும் புலிக் கொசு பரப்பியது! 'அந்த வகை வைரஸ் வந்தால்தான் ஆபத்து' என்று ஆறுதல் சொன்னவர்களின் வாய் அடைத்துப்போனது. 2025-ல் பிரான்சில் மட்டும், வெளிநாடு எதற்கும் போகாமலே சிக்குன்குனியா கண்டவர்கள் 700 பேருக்கு மேல். குளிர்நாடு என்ற பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டின் கதை

நம் நாட்டுக்கு வருவோம். சிக்குன்குனியா இந்தியாவுக்குப் புதிதல்ல. 1963-ல் கொல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பெரிய அளவில் பரவியது. 1973-ல் மகாராஷ்டிராவின் பார்சியில் தலைகாட்டியது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமைதி. எல்லோரும் மறந்துவிட்டார்கள். மருத்துவர்களில் பலர் பாடப் புத்தகத்தில் மட்டுமே அதைப் பார்த்திருந்தார்கள்.

2005 இறுதியில் திரும்பி வந்தது. 2006-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குச் சிக்குன்குனியா இருக்கலாம் என்று அரசுக் கணக்கே சொன்னது. ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, தமிழகம் என்று ஊர் ஊராக மக்கள் குனிந்து நடந்தார்கள். அன்றாடக் கூலிக்காரன் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை.

முப்பது ஆண்டுகள் நோய் இல்லை என்பதால் நம் கொசு அந்தத் தொழிலை மறந்துவிட்டதா? மறக்கவில்லை! அதே ஏடிஸ் எஜிப்தி, அதே வீட்டுத் தொட்டியில், அதே திறமையோடு காத்திருந்தது. வைரஸ் வந்ததும் வேலையைத் தொடங்கியது.

2007-ல் கேரளத்தின் முறை வந்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கக் கட்டும் கிண்ணங்களில் மழைநீர் தேங்கிப் புலிக் கொசு பெருகியிருந்தது. ரீயூனியனில் கண்ட அதே மாற்றமுள்ள வைரஸ் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. எஜிப்தி நிறைந்த ஊரில் எஜிப்திக்கு ஏற்ற வைரஸ். புலிக் கொசு நிறைந்த ஊரில் புலிக் கொசுவுக்கு ஏற்ற வைரஸ். இதோடு நிற்கவில்லை. பின்னாளில் இந்தியாவில் பரவிய சிக்குன்குனியா வைரஸில் வேறு இரண்டு மாற்றங்கள் தோன்றின. அவை ஏடிஸ் எஜிப்திக்குள் வைரஸின் வலுவைக் கூட்டுகின்றன என்று குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தினர் 2016-ல் சோதித்துச் சொன்னார்கள். நாம் வளர்க்கும் கொசுவைப் பார்த்து வைரஸ் தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்றுதானே பொருள்?

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 66 பேர் இறந்தார்கள். திருநெல்வேலி மாவட்டம் பட்ட வேதனையை, கடையநல்லூர் பட்ட வேதனையை மறக்க முடியுமா? 2017-ல் 23,000 பேருக்கு மேல் நோய், 65 பேர் மரணம். 2017-லேயே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிக்கா வைரஸ் இருப்பது தெரிய வந்தது. ஒவ்வொன்றும் எச்சரிக்கை மணி.

இன்னும் வராத ஒன்றும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆட்களைக் கொல்லும் வைரஸ் நோய் இது. ஆசியாவில் இதுவரை உள்ளூரில் பரவியதில்லை. நம் கொசுவுக்கு அதைப் பரப்பத் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக இருக்கலாமா? ஆசிய, பசிபிக் பகுதிகளின் ஏடிஸ் எஜிப்தி கொசுக்களைப் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றால் மஞ்சள் காய்ச்சல் வைரஸைப் பரப்ப முடியும் என்பதே முடிவு! 2016-ல் அங்கோலாவில் வேலை பார்த்துத் திரும்பிய 11 சீனத் தொழிலாளர்கள் அந்த நோயோடு சீனாவுக்கு வந்து இறங்கினார்கள். அங்கே அது பரவவில்லை. அடுத்த முறையும் அப்படியே தப்புவோம் என்று யார் உத்தரவாதம் தருவது?

சுத்தமான தெருவின் கொசு

'எங்கள் தெருவில் சாக்கடை இல்லை, எங்களுக்கு வராது' என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொள்கிறது. சாக்கடை ஓரத்துக் குடிசை மக்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறது.

சகோதரர்களே! சாக்கடையில் பிறப்பது கியூலெக்ஸ் கொசு. யானைக்கால் நோய்க்கு அதுதான் காரணம். ஆனால் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது அதுவல்ல. அதைச் செய்யும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. அதற்குத் தேவை தெளிந்த தண்ணீர். மாடி வீட்டுச் சிமெண்ட் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, வராந்தாவில் வைத்த பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, தேங்காய்ச் சிரட்டை. பார்க்கப் பளிச்சென்று இருக்கும் பங்களாவில்தான் அதற்கு நல்ல தங்குமிடம்!

அது கடிப்பதும் பகலில். அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் 400 மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். அப்படியானால் உங்களைக் கடித்த ஏடிஸ் கொசு பிறந்தது எங்கே? ஊர்க்கோடியிலா? இல்லை! உங்கள் தெருவில்! அநேகமாக உங்கள் வீட்டில், அல்லது அடுத்த வீட்டில்!

புகை போடும் நாடகம்

இப்போது அதிகாரிகளிடம் வருவோம். ஊரில் நாலு பேர் செத்த பிறகு, மாலை நேரத்தில், ஒரு வண்டி புகையைக் கக்கிக்கொண்டு தெருவில் போகும். பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். 'போர்க்கால நடவடிக்கை' என்று தலைப்பு வரும்.

புகை எதைக் கொல்லும்? அந்த நேரத்தில் அந்த இடத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டிக்குள் நெளியும் புழுவைக் கொல்லுமா? சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையைக் கொல்லுமா? வீட்டுக்குள் துணி மறைவில் உட்கார்ந்திருக்கும் ஏடிஸைத்தான் தெருப் புகை எட்டுமா? நோய் வெடித்த நேரத்தில் அவசரத்துக்கு ஒரு துணை, அவ்வளவே. அதையே முழு வைத்தியம் போலக் காட்டுவது ஏமாற்று வேலை.

மக்கள் ஏன் டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள்? குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறை, பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் வேறு என்ன செய்வார்கள்? தினமும் தண்ணீர் தராத நகராட்சி, தண்ணீர் சேர்த்து வைத்த ஏழையை அதட்டுகிறது! நாம் கேட்கிறோம்: அவன் வீட்டு டிரம்மில் பிறந்த கொசுவில் உங்களுக்குப் பங்கில்லையா? 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. தேங்கிய நீரை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. அந்தச் சட்டம் அரசு அலுவலக வளாகத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளுக்கும், பாதியில் நின்ற அரசுக் கட்டடத்தில் தேங்கிய தண்ணீருக்கும் பொருந்தாதா?

ஹவானாவும் சிங்கப்பூரும்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சலித்துக்கொள்பவர்கள் இரண்டு ஊர்களைப் பார்க்கட்டும்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவை மஞ்சள் காய்ச்சல் வாட்டியது. கப்பலில் வந்தவர்கள் மீது சந்தேகம். நோயாளியின் துணி, படுக்கை மீது பயம். 1881-ல் கார்லோஸ் பின்லே என்ற கியூப நாட்டு மருத்துவர், 'இது நம் வீட்டுக் கொசுவின் வேலை' என்று சொன்னார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் யாரும் காது கொடுக்கவில்லை. 1900-ல் வால்ட்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க மருத்துவக் குழு சோதித்துப் பார்த்தது. நோயாளிகளின் அழுக்குத் துணியிலும் படுக்கையிலும் பல இரவுகள் தூங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு கடித்தவர்களுக்கு நோய் வந்தது! 1901-ல் வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைத் தேடிக் கொசுவை ஒழித்தார்கள். அந்த ஆண்டிலேயே ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. கப்பல் வருவது நிற்கவில்லை. கொசுதான் நின்றது.

இன்னொன்று நம்மவர்கள் கடை வைத்திருக்கும் சிங்கப்பூர். 2008 ஜனவரியில் அங்கே முதன்முதலாக உள்ளூரிலேயே சிக்குன்குனியா பரவியது. எந்த இடத்தில்? லிட்டில் இந்தியாவில்! 13 பேருக்கு நோய் கண்டது. அந்த வட்டாரத்தில் நோய் கண்டவர்களைச் சோதித்துப் பிரித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். கடை, வீடு என்று நுழைந்து தேங்கிய தண்ணீரைத் தேடி அழித்தார்கள். அந்தத் தொற்று அங்கேயே அடங்கியது. தண்ணீர் தேங்க விட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் என்பது அங்கே சாதாரண சட்டம். அங்கே அபராதத்துக்குப் பயந்து தொட்டியைக் கவிழ்க்கும் நம் ஆள், ஊருக்கு வந்ததும் அதே தொட்டியைத் திறந்து போடுகிறானே, இது எந்த ஊர் நியாயம்?

வணிகப் பெருமக்களே!

கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயர் வியாபாரம் யார் கையில் இருக்கிறது? பஞ்சர் கடை, காயலான் கடை, பழைய டிரம் வியாபாரம், இளநீர்க் கடை, கட்டடச் சாமான் வாடகைக் கடை – இவற்றில் நம்மவர்கள் எத்தனை பேர்! ஹலாலான உழைப்பு. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கடை வாசலில் வானம் பார்த்து அடுக்கியிருக்கும் டயர், ஒவ்வொரு மழைக்கும் ஒரு கொசுப் பண்ணை. வெட்டிப் போட்ட இளநீர்க் கூடு ஒவ்வொன்றும் ஒரு தொட்டில். கூரைமேல் போட்ட தார்ப்பாயின் மடிப்பில் தேங்கும் ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

வெளியூர்க்காரன் மீது ஊர் பழி போடும்போது நாம் கொதிக்கிறோம். நியாயம்தான். ஆனால் அந்தக் கொதிப்புக்கு ஓர் அருகதை வேண்டாமா? நம் கடை டயரில் கொசுவை வளர்த்துக்கொண்டு, 'எங்கள் மீது பழி போடாதே' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பழிக்கு எதிராகப் பேசும் வாய்க்குச் சுத்தமான வாசல்தான் சாட்சி.

செலவு என்ன? டயரைக் கூரைக்குள் அடுக்குங்கள். முடியாவிட்டால் தண்ணீர் தேங்காதபடி தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். விற்க முடியாத டயரில் துளை போட்டுவிடுங்கள். இளநீர்க் கூட்டை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். டிரம்மைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு டீயின் விலைகூட ஆகாது!

நாம் செய்ய வேண்டியது

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்தால் சங்கிலி அறுந்துவிடும். அந்த நாளை வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொள்வோம். காலையில் குளித்துத் தயாராவதற்கு முன் தொட்டியைக் காலி செய்யுங்கள். வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நீர் பிடித்து இறுக மூடி வையுங்கள். பள்ளிவாசல் ஹவுளில் நம் முன்னோர் மீன் விட்டு வைத்தார்கள். கொசுப் புழுவைத் தின்னட்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. மீன் இல்லாத ஹவுளில் மீன் விடுங்கள். பயன்படுத்தாத பள்ளிவாசல் தொட்டிகளை மூடுங்கள்.

இளைஞர்களே! தெருவுக்குப் பத்துப் பேர் சேருங்கள். எல்லாத் தெருவுக்கும் போங்கள். நம் தெரு, அவர்கள் தெரு என்று பார்க்காதீர்கள். கொசு பார்ப்பதில்லை. வடநாட்டுத் தொழிலாளர் தங்கியிருக்கும் கொட்டகைக்கும் போங்கள். அவர்களை விரட்டுவதற்காக அல்ல, அவர்களுக்கு வலையும் மூடியும் கிடைக்கச் செய்வதற்காக. காய்ச்சல் கண்டவர் யாராக இருந்தாலும் முதல் வாரம் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கொசு கடிக்காவிட்டால் நோய் அவரோடு முடிந்தது. காய்ச்சல்காரரைத் துரத்தினால் அவர் ஒளிந்துகொள்வார். அடைக்கலம் கொடுத்தால் வலைக்குள் படுப்பார். எது ஊருக்கு நல்லது?

அரசாங்கத்திடமும் கேளுங்கள். மனுக் கொடுங்கள். தினமும் தண்ணீர் கொடு. மழைக்கு முன்பே தொட்டிகளைச் சோதனை செய். புகை வண்டியைப் படம் பிடித்துக் காட்டுவதை விட்டுவிட்டு, கொசுப் புழு எந்த வார்டில் எவ்வளவு என்ற கணக்கை வெளியிடு. புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சிக்கென்றே 1975 முதல் மத்திய அரசின் நிலையம் இயங்குகிறது. புனேயில் தேசிய வைரஸ் ஆய்வு நிலையம் இருக்கிறது. மாவட்டம் தோறும் கொசுவைப் பிடித்து, அது எந்த வைரஸைச் சுமக்கிறது, எதைப் பரப்பும் திறமை அதற்கு இருக்கிறது என்று ஆண்டுதோறும் அளந்து மக்களுக்குச் சொல்.

விமானம் நிற்கப் போவதில்லை. ரயில் நிற்கப் போவதில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகும் மனிதனும் நிற்கப் போவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே அப்படிப் போனவர்கள்தானே! வைரஸ் வந்துகொண்டேதான் இருக்கும். வந்த வைரஸ் ஊருக்குள் பரவுமா, வந்த இடத்திலேயே முடியுமா என்பதைத் தீர்மானிப்பது நம் வாசலில் தேங்கிய தண்ணீர்.

அடுத்த முறை யாராவது 'இதை யார் கொண்டு வந்தது?' என்று கேட்டால், அவர் கையைப் பிடித்து அவர் வீட்டு மாடிக்கு அழைத்துப் போங்கள். தொட்டி மூடியைத் திறந்து காட்டுங்கள்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!